‘மாரா’ என்றால் என்ன? எபிரேய வேதாகமத்தின் கசப்பைப் படிப்படியாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரூத்தின் புத்தகத்தைப் பற்றிய பிரசங்கங்களில் நகோமி அடிக்கடி திட்டு வாங்குகிறாள். “என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள்” என்று அவள் பெத்லெகேமின் பெண்களிடம் சொன்னது அவிசுவாசம் என்கிறார்கள். அவள் மனக்கசப்பை வளர்த்துக்கொண்டாள், கசப்பான வேரைப் பிடுங்காமல் விட்டாள், ஆகவே நாம் அப்படி இருக்கக் கூடாது என்று முடிக்கிறார்கள். கணவனையும் இரண்டு மகன்களையும் அந்நிய மண்ணில் புதைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்த ஒரு விதவைக்கு இப்படி ஒரு தீர்ப்பு. இது அநியாயம் என்பதே என் உறுதியான எண்ணம். அந்த அநியாயத்துக்கு ஒரு காரணம், தமிழில் ‘கசப்பு’ என்ற சொல் இன்று போய்ச் சேர்ந்திருக்கும் இடம்.

“அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு” என்றால் நமக்கு என்ன புரிகிறது? பகை, பிணக்கு, பேச்சுவார்த்தை இல்லாமை. ஒருவர்மேல் இன்னொருவர் வைத்திருக்கும் வன்மம். ஆனால் எபிரேய ‘மர்’ பெரும்பாலான இடங்களில் இதைச் சொல்லவில்லை. அது வேறு எதைச் சொல்கிறது என்பதை நீங்களே வசனம் வசனமாகத் தேடிக் கண்டுகொள்வதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எபிரேய எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேவையானவை மூன்று. ஒன்று, சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமம். இந்தக் கட்டுரையில் மேற்கோள்கள் அதிலிருந்தே வருகின்றன. இரண்டு, ஸ்ட்ராங் எண்களோடு கூடிய ஏதாவது ஒரு வேதாகமச் செயலி. 1890இல் வெளிவந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் சொல்லடைவு ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் மொழி தெரியாதவரும் சொல்லைப் பின்தொடரலாம். மூன்றாவது, ஒரு நோட்டுப்புத்தகம்.

படி 1: வேரைப் பிடியுங்கள்

எபிரேயச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்து கிளைக்கின்றன. நம் சொல்லின் வேர் ம்–ர்–ர். ‘மர்’ என்று எழுதும்போது ஒரு ‘ர்’ மட்டுமே கண்ணுக்குத் தெரியும். சொல் நீளும்போது இரண்டாவதும் வெளியே வரும்.

நோட்டுப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்தக் குடும்பத்தை எண்களோடு எழுதிக்கொள்ளுங்கள். ‘மர்’, பெண்பாலில் ‘மாரா’: கசப்பான, கசப்பு என்ற பெயரடையும் பெயரும் (4751). ‘மாரர்’: கசந்துபோ, கசப்பாக்கு என்னும் வினை (4843). ‘மாரோர்’, பன்மையில் ‘மெரோரீம்’: கசப்பான பொருள்கள் (4844). ‘மெரேரா’: பித்தம் (4845). ‘மெரோரா’: இதுவும் பித்தம், பாம்பின் நஞ்சு, கசப்பானது (4846). ‘தம்ரூர்’: கசப்பு, பெரும்பாலும் அழுகையோடு சேர்ந்து வருவது (8563). வனாந்தரத்து இடமான மாராவுக்குத் தனி எண் (4785), நகோமி தனக்குச் சூட்டிக்கொண்ட பெயருக்குத் தனி எண் (4755). லேவியின் மூன்றாவது மகன் மெராரியின் பெயரும் (4847) இதே வேரோடு சேர்த்துத்தான் விளக்கப்படுகிறது.

மிரியாமையும் இங்கே சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. எகிப்தியர் இஸ்ரவேலரின் ஜீவனைக் கசப்பாக்கிய காலத்தில் பிறந்ததால் அந்தப் பெயர் என்பது பழைய யூத விளக்கம். மொழியியல் அறிஞர்களிடையே அதில் உடன்பாடு இல்லை. எகிப்திய மொழியில் ‘பிரியமானவள்’ என்ற பொருளிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்தும் வலுவானது. அதனால் மிரியாமைப் பட்டியலுக்கு வெளியே வையுங்கள்.

படி 2: உறவில்லாத சொற்களை ஒதுக்குங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஒலி ஒன்றாக இருப்பதாலேயே சொல் ஒன்றாகிவிடாது.

ஏசாயா 40:15இல் ஜாதிகள் “ஏற்றச்சாலில் தொங்கும் துளிபோல” எண்ணப்படுகிறார்கள். அங்கே ‘துளி’க்கு எபிரேயத்தில் இருப்பதும் ‘மர்’தான், எண் மட்டும் வேறு, 4752. அதை ‘கசப்பு’ என்று எடுத்துக்கொண்டு வாளியிலிருந்து கசப்பான பிரசங்கம் இறைக்க முடியாது.

இன்னும் ஆபத்தானது ‘மாரா’ என்றே ஒலிக்கும் ஒரு வினை (4784). அதன் பொருள் கலகம் செய்தல், எதிர்த்து நிற்றல். எசேக்கியேல் இஸ்ரவேலைக் கலகவீட்டார் என்று சொல்லும்போது வருவது இந்த வேர்தான். இதன் மூன்றாவது எழுத்து ‘ர்’ அல்ல, ‘ஹே’. நகோமியின் மாராவையும் கலகத்தையும் குழப்பிக்கொள்வது எளிது. குழப்பிக்கொண்டால் அவள் கலகக்காரி ஆகிவிடுவாள்.

‘மாரநாதா’வில் வரும் ‘மாரன்’ அரமேயச் சொல். ‘எங்கள் ஆண்டவர்’ என்று பொருள். கசப்போடு அதற்கு உறவில்லை. ஆனால் ஒரு சுவையான செய்தி உண்டு. ரூத் 1:20இல் நகோமி தனக்கு வைத்துக்கொள்ளும் ‘மாரா’ வழக்கமான ‘ஹே’ எழுத்தில் முடியாமல் ‘ஆலெஃப்’ எழுத்தில் முடிகிறது, அரமேயச் சொற்களைப் போல. பொருள் மாறவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே “சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்” என்று அவளே விளக்கிவிடுகிறாள்.

எரேமியா 31ஆம் அதிகாரத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள். 15ஆம் வசனத்தில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். அந்தக் கசப்பான அழுகை எபிரேயத்தில் ‘பெகீ தம்ரூரீம்’. ஆறு வசனம் தள்ளி, 21இல், சிறைப்பட்டுப் போகிற ஜனத்திடம் வழியில் அடையாளங்களை நாட்டிக்கொள், திரும்பி வர வேண்டும் என்று சொல்லப்படுகிறது. அந்த வழிகாட்டித் தூண்களும் ‘தம்ரூரீம்’! எண் 8564, வேறு சொல், வேறு வேர். ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே அதிகாரம். அழுகையின் சொல்லும் வீடு திரும்பும் பாதையின் சொல்லும் ஒரே ஒலியில் அமைந்தது கவிஞரின் கைவேலை என்றே நினைக்கிறேன். எபிரேயக் கவிதை இத்தகைய ஒலி விளையாட்டை மிகவும் விரும்பும். இன்றைய எபிரேயத்தில் சாலையோரப் போக்குவரத்துப் பலகைக்கு ‘தம்ரூர்’ என்றுதான் பெயர். ஆனாலும் அகராதிப்படி இவை இரண்டு சொற்கள். ஓசை நயத்தை ரசியுங்கள்; பொருளைக் கலக்காதீர்கள்.

தமிழ் ஒலியை வைத்தும் எதையும் கட்டாதீர்கள். மாராவின் தண்ணீரில் போடப்பட்டது ‘மரம்’ என்பதற்கும் ‘மாரா’வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

படி 3: நாக்கிலிருந்து தொடங்குங்கள்

‘மர்’ அடிப்படையில் ஒரு சுவை. “பசியுள்ளவனுக்கோ கசப்பான பதார்த்தங்களும் தித்திப்பாயிருக்கும்” (நீதிமொழிகள் 27:7) என்பதிலும், கசப்பைத் தித்திப்பென்று சாதிக்கிறவர்களுக்கு ஐயோ என்ற ஏசாயா 5:20இலும் ‘மர்’ நேர் எதிராக நிற்பது ‘மாத்தோக்’ என்ற இனிப்போடு.

முதலில் யாத்திராகமம் 15:23. செங்கடலைக் கடந்து, சூர் வனாந்தரத்தில் மூன்று நாள் தண்ணீரில்லாமல் நடந்தபின் கிடைத்த தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. “கி மாரீம் ஹேம்” என்கிறது எபிரேயம். எபிரேயத்தில் தண்ணீர் எப்போதும் பன்மை. ஆகவே அந்தத் தொடர் ‘அவை கசப்பானவை’ என்றாகிறது. அதே இலக்கணம் ‘அவர்கள் கசப்பானவர்கள்’ என்றும் இடம் கொடுக்கும். கசந்தது தண்ணீரா, ஜனங்களா என்று கேட்கும் யூத உரை ஒன்று பிற்காலத்தில் இதை வைத்தே எழுந்தது. வசனத்தின் நேர்ப்பொருள் தண்ணீர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்தது பஸ்கா. யாத்திராகமம் 12:8இல் நாம் “கசப்பான கீரையோடும்” என்று வாசிக்கிறோம். எபிரேயத்தில் கீரை என்ற சொல்லே இல்லை. ‘மெரோரீம்’, அதாவது ‘கசப்புகள்’, அவ்வளவுதான். எந்தச் செடி என்று வேதம் சொல்லாததால் அந்த வேலை பிற்கால ரபீக்களுக்கு, அதாவது யூத வேத ஆசிரியர்களுக்கு, வந்தது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத சட்டத் தொகுப்பான மிஷ்னா ஐந்து செடிகளைப் பட்டியலிடுகிறது. முதலாவது ‘ஹஸெரெத்’. அதை, மிஷ்னாவை விரித்துப் பேசும் பிற்கால நூலான தல்மூத் லெட்யூஸ் கீரை என்று அடையாளம் காட்டுகிறது.

கடையில் வாங்கும் லெட்யூஸ் கசக்காதே என்று தோன்றும். தோட்டத்தில் அதை அறுக்காமல் விட்டுப் பாருங்கள். இளசாக இருக்கும்வரை இலை மென்மையாக இருக்கும். வெயில் ஏறி, நடுத்தண்டு உயர்ந்து பூவெடுக்கத் தொடங்கியதும் தண்டு கட்டைபோல் ஆகிவிடும். கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். அந்தப் பால் கடும் கசப்பு. தல்மூத் இதையே பிடித்துக்கொள்கிறது: தொடக்கத்தில் மென்மை, முடிவில் கடினம், எகிப்தியர் நம் பிதாக்களிடம் நடந்துகொண்டதும் அப்படித்தான். யோசேப்பை வரவேற்ற நாடு அவன் சந்ததியைச் செங்கல் சூளைக்கு அனுப்பியது. குளிர் மிகுந்த கிழக்கு ஐரோப்பாவில் வசந்தகாலப் பஸ்காவுக்குள் கீரை கிடைக்காததால், அங்கிருந்த யூதர்கள் குதிரைமுள்ளங்கி வேரைத் துருவிப் பயன்படுத்தினார்கள். அதன் குணம் கசப்பைவிடக் காரம். கண்ணில் நீர் வரும்.

ஏன் இந்தச் சுவை? பதில் யாத்திராகமம் 1:14இல் இருக்கிறது. சாந்தும் செங்கலும் வயல்வேலையுமாக எகிப்தியர் அவர்கள் “ஜீவனையும் கசப்பாக்கினார்கள்”. அங்கே வருவது ‘மாரர்’ என்ற வினை. அனுபவித்த கசப்பை வருடத்துக்கு ஒருமுறை வாயில் போட்டு மெல்லச் சொல்கிறது தோரா, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்கள். மறந்துவிடு என்று சொல்லவில்லை.

‘மெரோரீம்’ என்ற பன்மை எபிரேய வேதாகமம் முழுவதிலும் மூன்றே இடங்களில் வருகிறது. யாத்திராகமம் 12:8, எண்ணாகமம் 9:11 இரண்டும் பஸ்காவைப் பற்றியவை. மூன்றாவது புலம்பல் 3:15: “கசப்பினால் என்னை நிரப்பினார்”. எருசலேம் இடிந்தபின் எழுதப்பட்ட வரி. ‘நிரப்பினார்’ என்பதற்கு எபிரேயத்தில் இருப்பது வயிறாரச் சாப்பிட வைத்தல் என்ற வினை. விடுதலைப் பந்தியின் கீரை இங்கே அழிவின் உணவாகத் திரும்ப வந்திருக்கிறது. பஸ்காப் பந்தியில் அமர்ந்து பழகியவர் காதில் இது எப்படி அறைந்திருக்கும்!

படி 4: நாக்கிலிருந்து நெஞ்சுக்கு

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

எபிரேயத்தில் ‘மர் நெஃபெஷ்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. ‘நெஃபெஷ்’ நம் வேதாகமத்தில் பெரும்பாலும் ஆத்துமா என்று வரும். ஆனால் அதற்குத் தொண்டை, மூச்சு, உயிர், பசி என்ற பொருள்களும் உண்டு. ஆகவே ‘மர் நெஃபெஷ்’ என்பது உயிர் முழுக்கக் கசந்துபோன நிலை, தொண்டைக்குழியில் கசப்பு நிற்கும் நிலை.

இதைத் தமிழ் வேதாகமத்தில் மட்டும் தேடினால் கிடைக்காது. மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்கு ஏற்ப வெவ்வேறு சொற்களைப் போட்டிருக்கிறார்கள். அதனால் எண் 4751ஐ வைத்துத் தேடி, ஒவ்வொரு வசனத்துக்கும் மூன்று கேள்வி எழுதுங்கள்: யார் கசந்திருக்கிறார்? எதை இழந்தார்? சுற்றியிருப்பவர் என்ன செய்தார்?

1 சாமுவேல் 1:10. அன்னாள், பிள்ளையில்லாதவள். “மனங்கசந்து” அழுது ஜெபிக்கிறாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடிவெறி பிடித்தவள் என்று நினைக்கிறார். அவள் விளக்கியதும் சமாதானத்தோடே போகச் சொல்கிறார்.

1 சாமுவேல் 22:2. அதுல்லாம் கெபியில் தாவீதிடம் ஏறக்குறைய 400 பேர் கூடுகிறார்கள்: ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், “முறுமுறுக்கிறவர்கள்”. இந்த மூன்றாவது வகையினர் எபிரேயத்தில் ‘மர் நெஃபெஷ்’, அன்னாளைப் போலவே. தமிழில் அன்னாள் மனங்கசந்தவள், இவர்கள் முறுமுறுப்பவர்கள். வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்கள் நம் நினைவுக்கு வந்து இவர்கள்மேல் ஒரு குறை ஒட்டிக்கொள்கிறது. மூலத்தில் அந்தக் குறை இல்லை. கடன்பட்டவனுக்குப் பக்கத்தில் நிற்கும் உயிர் கசந்தவன், அவ்வளவே.

1 சாமுவேல் 30:6. சிக்லாக் எரிக்கப்பட்டு மனைவி மக்கள் சிறைபிடிக்கப்பட்டபின், ஜனங்கள் தங்கள் பிள்ளைகளினிமித்தம் “மனக்கிலேசமானதினால்” தாவீதைக் கல்லெறியப் பேசிக்கொள்கிறார்கள். 2 சாமுவேல் 17:8இல் தாவீதும் அவன் ஆட்களும் குட்டிகளைப் பறிகொடுத்த கரடியைப்போல “மனமெரிகிறவர்கள்”. யோபு 3:20இல் “மனச்சஞ்சலமுள்ள” மனிதர்கள், மரணத்தைப் புதையல்போலத் தேடுகிறவர்கள். நீதிமொழிகள் 31:6இல் “மனங்கசந்தவர்களுக்குத் திராட்சரசத்தையும்” கொடுக்கச் சொல்கிறாள் லேமுவேலின் தாய்.

கிலேசம், எரிச்சல், சஞ்சலம், முறுமுறுப்பு, கசப்பு. தமிழில் ஐந்து, எபிரேயத்தில் ஒன்று. மொழிபெயர்ப்பாளர்களை நான் குறை சொல்லவில்லை, ஒவ்வொரு சொல்லும் அந்தந்த இடத்தில் பொருந்துகிறது. ஆனால் இவர்கள் அனைவரும் ஒரே குடும்பம் என்பது தமிழில் மறைந்துபோகிறது. எழுதிய பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பாருங்கள். எல்லாரும் எதையோ பறிகொடுத்தவர்கள்: பிள்ளை, சொத்து, நிலம், மானம், நம்பிக்கை. கோபம் உண்டு, சிக்லாகில் கல்லெடுக்கும் அளவுக்கு. ஆனால் அது இழப்பிலிருந்து பொங்கும் கோபம். கரடி உவமை அதைத்தான் சொல்கிறது.

2 இராஜாக்கள் 4:27ஐ நிதானமாக வாசியுங்கள். சூனேம் ஊர்க்காரியின் மகன் மடியிலேயே இறந்துவிட்டான். அவள் கர்மேல் மலைக்கு ஓடிவந்து தீர்க்கதரிசி எலிசாவின் கால்களைப் பிடித்துக்கொள்கிறாள். எலிசாவின் வேலைக்காரன் கேயாசி அவளை விலக்கிவிட நெருங்குகிறான். எலிசா அவனைத் தடுக்கிறார்: அவளை விடு, அவள் ஆத்துமா கசந்திருக்கிறது. தமிழில் ‘துக்கமாயிருக்கிறது’ என்று வாசிக்கிறோம். எபிரேயத்தில் ‘நஃப்ஷாஹ் மாரா லாஹ்’. அடுத்து எலிசா சொல்வது இன்னும் வியப்பு: கர்த்தர் இதை எனக்கு மறைத்துவிட்டார். தீர்க்கதரிசிக்கே தெரியாத துக்கம். அவர் புத்தி சொல்லவில்லை, ‘கசப்பை விட்டுவிடு’ என்றும் சொல்லவில்லை. எழுந்து அவள் பின்னே நடந்து போகிறார்.

படி 5: நகோமியிடம் திரும்புங்கள்

இப்போது ரூத் 1ஆம் அதிகாரம். இந்த வேர் இங்கே மூன்று முறை வருகிறது.

முதலில் 13ஆம் வசனம். மருமக்களைத் திரும்பிப் போகச் சொல்லும்போது, “உங்கள்நிமித்தம் எனக்கு மிகுந்த விசனம் இருக்கிறது” என்கிறாள். ‘விசனம்’ நம் ‘மர்’தான். எபிரேயத் தொடர் ‘மர் லீ மெஓத் மிக்கெம்’. கடைசிச் சொல்லை ‘உங்கள் நிமித்தம்’ என்றும் கொள்ளலாம், ‘உங்களைவிட’ என்றும் கொள்ளலாம். இரண்டாவதாகக் கொண்டால், நீங்கள் இளையவர்கள், இன்னொரு வாழ்வு உண்டு, என் கசப்பு உங்களுடையதைவிடப் பெரிது என்றாகும். தமிழின் வழி அவளை இன்னும் தாயாகக் காட்டுகிறது. இரண்டுக்கும் இலக்கணம் இடம் தருகிறது.

பிறகு 20ஆம் வசனத்தில் இரண்டு முறை. பெயர் ஒன்று, வினை ஒன்று. நகோமி என்றால் இனிமை. அதைக் கழற்றிவிட்டுக் கசப்பை அணிந்துகொள்கிறாள். வினையின் எழுவாய் யார் என்று பாருங்கள். “சர்வவல்லவர்”, எபிரேயத்தில் ‘ஷத்தாய்’. கசப்பாக்கியவர் அவரே என்று வெளிப்படையாகச் சொல்கிறாள். இதே வினை, இதே ஷத்தாய், இன்னொருவர் வாயிலும் வருகிறது: யோபு 27:2. என் ஆத்துமாவைக் கசப்பாக்கிய சர்வவல்லவருடைய ஜீவனைக்கொண்டு சொல்லுகிறேன் என்று யோபு ஆணையிடுகிறான். கசப்பாக்கியவரின் பெயராலேயே சத்தியம்! இருவரும் கடவுளைவிட்டு ஓடவில்லை. வழக்கை அவர் முன்னாலேயே வைக்கிறார்கள். நகோமியைக் கண்டிக்க வேண்டுமானால் யோபுவையும் கண்டிக்க வேண்டும். ஆனால் அந்தப் புத்தகத்தின் கடைசியில் கர்த்தர் கடிந்துகொள்வது யோபுவின் நண்பர்களை. என் தாசன் யோபுவைப்போல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று (42:7).

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நகோமி கேட்டுக்கொண்டபோதிலும் கதைசொல்லி அவளை ஒருமுறைகூட மாராள் என்று அழைக்கவில்லை. ஊர்ப்பெண்களும் அழைக்கவில்லை. அதற்காக யாரும் அவளைத் திருத்தவும் இல்லை, வாதாடவும் இல்லை. 4ஆம் அதிகாரத்தில் அதே பெண்கள் அவள் மருமகள் ரூத்தின் குழந்தையைக் கண்டு கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறார்கள். நகோமி குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

படி 6: எட்டியும் பிச்சும்

கசப்பின் அண்டை வீட்டுச் சொற்கள் இரண்டைத் தெரிந்துகொள்ளாமல் பல வசனங்கள் புரியாது.

‘லஅனா’ (3939) என்பதைத் தமிழ் வேதாகமம் ‘எட்டி’ என்கிறது. “எட்டியைப்போலக் கசப்பும்” (நீதிமொழிகள் 5:4) என்ற வசனத்தில் ‘மாரா’வும் ‘லஅனா’வும் சேர்ந்தே வருகின்றன. மூலச் செடி ஆர்ட்டிமிசியா இனத்துப் புதர். யூதேய, நெகேவ் வறண்ட நிலங்களில் முழங்கால் உயரத்துக்கு, சாம்பல் பச்சை நிறத்தில், வாசனையோடு வளர்வது. நம் மாசிபத்திரிக்கு உறவு. கடும் கசப்பு. நம் எட்டியோ மரம். ஆரஞ்சு நிறத்தில் அழகாகப் பழுக்கும். விதையில் ஸ்ட்ரிக்னின் என்ற கொல்லும் நஞ்சு. “எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன” என்று வளர்ந்த தமிழருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் சாவு நினைவுக்கு வரும். செடி மாறியது உண்மை. ஆனால் நீதிமொழிகள் 5ஐப் பொறுத்தவரை, பார்வைக்கு அழகு, முடிவில் மரணம் என்ற கருத்துக்கு எட்டி அபாரமாகப் பொருந்துகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 8:11இன் நட்சத்திரத்துக்கும் தமிழில் எட்டி என்றே பெயர்.

‘பிச்சு’ என்பது பித்தநீருக்கான பழைய தமிழ்ச் சொல். யோபு 20:14இல் துன்மார்க்கனின் உணவு குடலுக்குள் “விரியன்பாம்புகளின் பிச்சாய்ப்போகும்”, அங்கே ‘மெரோரா’. ஆனால் புலம்பல் 3:19இல் “எட்டியும் பிச்சுமாகிய” என்று வரும்போது அந்தப் பிச்சு ‘ரோஷ்’ (7219) என்ற வேறு சொல், நச்சுச் செடி. தமிழ்ச் சொல் ஒன்றாக இருப்பதால் எபிரேயமும் ஒன்று என்று எண்ணிவிடாமல் எண்ணைச் சரிபாருங்கள்.

வெள்ளைப்போளத்துக்கு எபிரேயத்தில் ‘மோர்’ (4753). இதுவும் நம் வேரிலிருந்து வந்ததே. நாக்கில் வைத்தால் அந்தப் பிசின் கசக்கும். எஸ்தர் 2:12இல் ஆறு மாதம் பூசப்பட்ட தைலம் அது, உன்னதப்பாட்டில் காதலின் வாசனை அது. வாய்க்குக் கசப்பது மூக்குக்கு இனிக்கிறது.

படி 7: கிரேக்கத்தைத் தனியாக வையுங்கள்

அப்படியானால் ‘கசப்பு என்பது பாவம்’ என்ற போதனை எங்கிருந்து வந்தது? புதிய ஏற்பாட்டிலிருந்து. எபேசியர் 4:31 சகலவிதமான கசப்பையும் கோபத்தையும் மூர்க்கத்தையும் நீக்கச் சொல்கிறது. அங்கே இருப்பது ‘பிக்ரியா’ என்ற கிரேக்கச் சொல். சுற்றி நிற்பவை கோபம், கூக்குரல், தூஷணம். அந்த இடத்தில் நம் ‘மனக்கசப்பு’ சரியாகவே பொருந்துகிறது. அந்தப் போதனை உண்மை. அதைப் பின்னோக்கி எடுத்துச் சென்று அன்னாள்மேலும் நகோமிமேலும் போர்த்துவதுதான் தவறு.

கிரேக்கத்திலும் எல்லாக் கசப்பும் வன்மம் அல்ல. பேதுரு மறுதலித்தபின் வெளியே போய் “மனங்கசந்து அழுதான்” (மத்தேயு 26:75). அது எபிரேய ‘மர்’ அழுகையின் நேர் வாரிசு. கிறிஸ்துவுக்கு முன்பே உருவான செப்துவஜிந்த் என்ற கிரேக்க மொழிபெயர்ப்பு நகோமியின் மாராவை ‘பிக்ரா’ என்றே ஆக்கியது.

மிக அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவது எபிரெயர் 12:15இன் “கசப்பான வேர்”. மனதுக்குள் ஒளிந்திருக்கும் மன்னியாமை என்றே கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அந்தச் சொற்கள் உபாகமம் 29:18இலிருந்து வருகின்றன: “நஞ்சையும் எட்டியையும் முளைப்பிக்கிற யாதொரு வேர்”. அங்கே வேர் என்பது ஒரு மனிதன், குடும்பம் அல்லது கோத்திரம்; கர்த்தரைவிட்டு வேறு தேவர்களை நாடிப் போய், மற்றவர்களையும் கெடுப்பது. எபிரேயத்தில் ‘ரோஷ்’, ‘லஅனா’ என்ற சொற்கள் இருக்கின்றன. ‘மர்’ இல்லவே இல்லை. எபிரேயத்தில் நகோமிக்கும் இந்த வேருக்கும் சொல்லளவில்கூட உறவு கிடையாது.

எபிரெயர் 12:16 அடுத்தபடியாக ஏசாவைச் சொல்கிறது. அவனுடைய கதையில் நம் சொல் உண்டு: ஆதியாகமம் 27:34, ஆசீர்வாதத்தை இழந்ததும் அவன் போட்ட “பெரியதும் கசப்புமான” அலறல். ஏறத்தாழ அதே தொடர் எஸ்தர் 4:1இல் மொர்தெகாயின் கூக்குரலாகத் திரும்ப வருகிறது. யாக்கோபு ஏசாவை அலறவைத்ததற்கான கணக்கு சூசான் நகரத்தில் யாக்கோபின் சந்ததியிடம் தீர்க்கப்பட்டது என்று ஆதியாகமத்தைப் பற்றிய பழைய ரபீக்களின் விளக்கம் ஒன்று சொல்கிறது. ஏசாவின் கண்ணீரையும் எண்ணிவைத்த இந்த வாசிப்பு யூத மரபின் பெருந்தன்மை என்பேன்.

படி 8: நீங்களே செய்து பாருங்கள்

மீதமுள்ள வசனங்களில் சிலவற்றைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எசேக்கியேல் 3ஆம் அதிகாரம்: 3ஆம் வசனத்தில் புத்தகச்சுருள் தேனைப்போல் தித்திக்கிறது, 14இல் தீர்க்கதரிசி ‘மர்’ ஆகிப் போகிறார். இடையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். பிறகு வெளிப்படுத்தின விசேஷம் 10:9–10ஐப் பக்கத்தில் வையுங்கள்.

ஆபகூக் 1:6: கல்தேயர் “கொடிதும் வேகமுமான” ஜாதி. எபிரேயத்தில் ‘ஹம்மர் வெஹன்னிம்ஹார்’, ஒலி ஒன்றோடொன்று மோதும் தொடர். இங்கே ‘மர்’ இழந்தவரின் நிலை அல்ல, இழக்கச்செய்கிறவரின் குணம். மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு. விலக்குகளையும் நோட்டில் எழுத வேண்டும்.

ஏசாயா 38:17: எசேக்கியா நோயிலிருந்து எழுந்து பாடும் பாட்டு. ‘மர் லீ மர்’ என்று சொல் இரட்டிக்கிறது. தமிழ் வேதாகமம் சமாதானத்துக்குப் பதிலாகக் கசப்பு வந்தது என்று கொள்கிறது. எபிரேயத் தொடரை என் நன்மைக்காகவே கசப்பு வந்தது என்றும் பெயர்க்க முடியும். அந்த அதிகாரத்தை 10ஆம் வசனத்திலிருந்து சத்தமாக வாசித்து, எது பாட்டின் போக்குக்கு ஒத்துவருகிறது என்று நீங்களே தீர்மானியுங்கள்.

கடைசியாக நீதிமொழிகள் 14:10: “இருதயத்தின் கசப்பு இருதயத்துக்கே தெரியும்.” இங்கே வரும் சொல் ‘மொர்ரா’ (4787). இதற்கு மிக நெருங்கிய ‘மோரா’ (4786) ஆதியாகமம் 26:35இல், ஏசாவின் மனைவிகள் ஈசாக்குக்கும் ரெபெக்காளுக்கும் “மனநோவாயிருந்தார்கள்” என்ற இடத்தில் வருகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஏன் ஸ்ட்ராங் தனித்தனி எண் கொடுத்தார், அது தேவைதானா என்று ஏதாவது ஓர் எபிரேய அகராதியில் பாருங்கள்.